இடது கை நேரம்

சோப்புத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருப்பவன் காதலிக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. காதலியின் அம்மா வேலை பார்க்கும் மேசைக்கே சூப்பர்வைசராக இருக்கக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டிருக்கலாம். டெமா துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சோப்புத் தொழிற்சாலையில் யாருக்கும் அது தோன்றவில்லை. நோர்ட்டே மாட்டிக்கொண்டான்.

அவன் காதலித்த பெண் அய்லே, மருந்துக்கடையில் நின்றாள். அவளுடைய அம்மா கோர்க்கோ ஆன்ட்டி, நோர்ட்டேயின் மேசையில் நின்றாள். அந்த மேசையிலேயே மூத்தவள் அவள்தான். இயந்திரம் ஓடும்போதும் அவள் பேசுவது வாசல் காவலாளிக்குக் கேட்கும். இரண்டு பேரும் காதலிப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி, நோர்ட்டேயைப் பார்க்கும்போதெல்லாம் அழுகிய மீனைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பாள். வரும் சனிக்கிழமை அவன் தன் பெரியவர்களோடு பெண் கேட்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறான். ஷ்னாப்ஸ் மதுப் பாட்டில்களை முன்னால் வைத்து, உங்கள் தோட்டத்தில் ஒரு பூவைப் பார்த்தோம் என்று பேச்சை ஆரம்பிப்பார்கள். பூவைக் கொடுப்பதும் கொடுக்காததும் பூவைப் பெற்றவள் கையில்.

அந்தக் கையில்தான் கோளாறு.

"அம்மாவால தலைக்குட்டையக் கட்ட முடியல" என்று அய்லே ஒரு சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் வைத்துச் சொன்னாள். "வலது கை நெஞ்சுக்கு மேல வரமாட்டேங்குது. காலையில நான்தான் கட்டி விடுறேன். நான் சொன்னேன்னு தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுடும். உன் வாயில இருந்து ஒரு வார்த்தை வரக்கூடாது, ஆமா."

"வராது."

"சத்தியம் பண்ணு."

பண்ணினான். மறுநாள் காலையே மேலாளர் குவிஸ்ட் அவனைக் கூப்பிட்டு, இன்சூரன்ஸ்காரர்கள் இரண்டு வாரத்துக்குள் ஒரு நர்ஸை அனுப்பப் போகிறார்கள், எல்லாரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும், முடியாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு என்றார். கோர்க்கோ ஆன்ட்டியை நோர்ட்டே தன் கையாலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதே வீட்டுக்குப் பாட்டிலோடு போய் நிற்பதா?

மேசையில் வேலை நான்கு விதம். ஓடும் பட்டையிலிருந்து சோப்பை எடுப்பவள் ஒருத்தி, காகிதம் சுற்றுபவள் ஒருத்தி, பெட்டியில் அடுக்குபவள் ஒருத்தி, பெட்டியைத் தூக்கி ஓரமாக வைப்பவள் ஒருத்தி. சூடு ஆறாத சோப்பைப் பலகையில் வைத்தால் பள்ளம் விழும் என்பதால், எடுப்பவள் அதை நேராகச் சுற்றுபவளின் கையில் கொடுத்துவிட வேண்டும். யார் எந்த வேலையில் சேர்ந்தாளோ அதே வேலையில்தான் கிழவியாவாள். கோர்க்கோ ஆன்ட்டி பட்டையிலிருந்து எடுப்பவள். வருஷக்கணக்கில் ஒரே கை, ஒரே வீச்சு. தோள் என்ன இரும்பா?

நோர்ட்டே உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டான். ஒவ்வொரு மணிக்கும் எல்லாரும் அடுத்த வேலைக்கு நகர வேண்டும். சாப்பாட்டு மணிக்குப் பிறகு மொத்தப் பேரும் பட்டையின் எதிர்ப்பக்கம் போய்விட வேண்டும். அந்தப் பக்கம் நின்றால் இடது கைதான் சோப்புக்கு எட்டும். வலது கைக்குப் பாதி நாள் ஓய்வு. ஓய்ந்த தோளில் வலி நர்ஸ் வருவதற்குள் கொஞ்சமாவது இறங்கும். குவிஸ்ட் அட்டவணையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சரி, ஒரு வாரம் பாரு" என்றார்.

நோர்ட்டே அவசரக்காரன்தான், ஆனால் பொறுப்பில்லாதவன் என்று சொல்ல முடியாது. வீட்டு மேசையில் சோப்புக் கட்டிகளை வரிசையாக வைத்து, இடது கையால் எடுத்து வலது கையில் கொடுத்து, இரவெல்லாம் பழகிப் பார்த்தான். எல்லாம் தடங்கலில்லாமல் போனது. போகாதா பின்னே? தன் இடது கை தன் வலது கைக்குக் கொடுத்தால் அதில் யாருக்கு அவமானம்? அங்கேதான் அந்தப் புத்திசாலி கோட்டை விட்டான்.

திங்கட்கிழமை காலை கொஞ்சம் முணுமுணுப்போடு நன்றாகவே போனது.

"நான் காகிதம் சுத்துறவ" என்றாள் மான்சா. வாய்க்குப் பூட்டே இல்லாதவள் அவள். "என்னையப் போய்ப் பெட்டி தூக்கச் சொன்னா, எங்க வீட்டுக்காரர் கேட்டா என்ன நினைப்பாரு?"

"முதல்ல அவரைக் கட்டில்ல இருந்து தூக்கு, அப்புறம் அவரு நினைக்கிறதப் பாக்கலாம்" என்றாள் கோர்க்கோ ஆன்ட்டி. மேசையே சிரித்தது. நோர்ட்டேயும் சிரித்தான். அந்த வாரத்தில் அவன் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

கெங்கே என்ற புளித்த சோள உருண்டையும் பொரித்த மீனும் மிளகாய்த் துவையலுமாகச் சாப்பாடு முடிந்து மணி அடித்தது. எல்லாரும் எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள். இப்போது பட்டையிலிருந்து எடுக்கும் முறை மான்சாவுக்கு. வாங்கிச் சுற்றும் முறை கோர்க்கோ ஆன்ட்டிக்கு. முதல் சோப்பு வந்தது. மான்சா இடது கையால் எடுத்தாள். கை பாதி தூரம் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

மான்சா லேசாக முழங்காலை மடக்கினாள். "ஆன்ட்டி, இடது கைக்கு மன்னிக்கணும்."

"பரவாயில்ல மகளே" என்று கோர்க்கோ ஆன்ட்டி வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது சோப்பு வந்தது. "இடது கைக்கு மன்னிக்கணும் ஆன்ட்டி." "பரவாயில்ல மகளே." மூன்றாவதுக்கும் அப்படியே. அந்தப் பக்கம் கோர்க்கோ ஆன்ட்டி சுற்றிய சோப்பை அடுத்தவளிடம் நீட்டி, "இடது கை, மனசுல வச்சுக்காதே" என்றாள். "ஐயோ ஆன்ட்டி, நீங்க போய்!" என்று அவள் பதறினாள். மரியாதை தெரிந்த பெண்கள். யாரும் யாரையும் குறைத்து நடத்தத் தயாராக இல்லை. பட்டைக்கு மட்டும் மரியாதை தெரியாது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. முழங்கால் மடங்கி நிமிர்வதற்குள் நான்கைந்து சோப்பு பட்டை முனையைத் தாண்டிப் பொத்துப் பொத்தென்று தரையில் விழுந்தன.

நோர்ட்டே ஓடிவந்தான். "மன்னிப்பெல்லாம் வேண்டாம்! சும்மா குடுங்க! சும்மா வாங்குங்க!"

கோர்க்கோ ஆன்ட்டி கையிலிருந்த சோப்பை மெதுவாகக் கீழே வைத்தாள். பள்ளம் விழுந்தது.

"சும்மா குடுக்கணுமா? இடது கையால? பெத்தவ வயசு பொம்பளைக்கு? ஒரு மன்னிப்புகூட கேக்காம?" என்றாள். "உன்னை யாருடா வளர்த்தது, வீட்டுலயா வளர்ந்த நீ, இல்ல மீன் மார்க்கெட்டுலயா?"

"ஆன்ட்டி, நான் சொல்ல வந்தது..."

"சொல்லு. சனிக்கிழமை எங்க வீட்டு வாசல்லயும் வந்து சொல்லு. எந்தக் கையால கதவத் தட்டுறேன்னு நானும் பாக்குறேன்."

நோர்ட்டே குனிந்து, தரையில் விழுந்த சோப்பைப் பொறுக்க ஆரம்பித்தான்.

மறுநாள் பெண்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எதிர்ப்பக்கம் நின்றபடியே பட்டைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இடுப்பை முறுக்கி, வலது கையாலேயே எடுத்துக் கொடுத்தார்கள். அவமானம் இல்லை, சோப்பும் விழவில்லை. ஆனால் சாயங்காலம் எல்லாரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாத்து மாதிரி வெளியே போனார்கள். தோளைக் காப்பாற்றப் போட்ட அட்டவணை இடுப்பை வாங்கிவிட்டது. அதற்கடுத்த நாள் மான்சா இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு கொடுத்துப் பார்த்தாள். இரண்டு கையும் சேர்ந்தால் குற்றம் பாதிதான் என்பது அவள் கணக்கு. மீதிப் பாதிக்கு மன்னிப்புக் கேட்டாள்.

அதன் பிறகு கோர்க்கோ ஆன்ட்டி போராட்டத்தில் இறங்கினாள். எந்த மணி அடித்தாலும் நகரவில்லை. பழைய பக்கத்தில், பழைய இடத்தில், தன்னந்தனியாக நின்றுகொண்டு வலது கையால் சோப்பை எடுத்துக்கொண்டே இருந்தாள்.

"என் கைக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் அவனைப் பார்க்காமலே. "என் கைக்கு ஓய்வு வேணும்னு எவன் உங்கிட்ட அழுதான்?"

நோர்ட்டே வாயைத் திறந்தான். அய்லேக்குப் பண்ணிய சத்தியம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டான். சோப்பைப் பிடித்த அவள் விரல் நடுங்குவதும், மேலுதட்டில் வேர்வை பூப்பதும் அவனுக்கு மட்டும் தெரிந்தது. அவனுக்கு அவள்மேல் ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. இவ்வளவு பிடிவாதம் உடம்புக்கு ஆகுமா?

"நீ எல்லாத்தையும் கெடுத்துட்ட" என்று அய்லே பஸ் நிறுத்தத்தில் அவனைக் காய்ச்சினாள். "உம்மேல இருக்கிற கோவத்துல அம்மா டபுள் வேலை பாக்குது. நேத்து ராத்திரி ஸ்பூனக்கூடப் பிடிக்க முடியல."

"நீதானே சத்தியம் வாங்குன!"

"வாங்கினா? நீ அதுக்குள்ள மூளைய யூஸ் பண்ணக் கூடாதா?"

வெள்ளிக்கிழமை குவிஸ்ட் வந்து பட்டையின் முனையில் நின்று தரையைப் பார்த்தார். "நோர்ட்டே, கீழ கிடக்கிற சோப்ப வச்சு டெமா முழுக்கக் குளிப்பாட்டலாம் போல இருக்கே" என்றார். "உனக்குத் திங்கட்கிழமை ஒரு நாள் தர்றேன். அன்னிக்கும் சோப்பு விழுந்துச்சுன்னா அட்டவணையக் கிழிச்சுப் போட்டுரு. நர்ஸ் அதுக்கு மறுநாள் வர்றா."

சனிக்கிழமை மத்தியானம் நோர்ட்டே பெரிய துணியை உடம்பில் சுற்றி இடது தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அப்படிச் சுற்றினால் வலது கை வெளியே இருக்கும், இடது கை துணிக்குள் அடங்கிவிடும். அந்தக் கையை அன்றைக்கு வெளியே விடுவதில்லை என்று சபதமே செய்திருந்தான். கூட அவன் சித்தப்பா ஒக்காய், பேச்சுக்கென்றே பிறந்தவர். சாவு வீட்டில் அவர் ஆறுதல் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த சாவு விழுந்துவிடும் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள்.

கதவை நோர்ட்டே வலது கையால் தட்டினான். ரொம்ப அழுத்தமாக, எந்தக் கை என்று உள்ளே இருப்பவர்களுக்கும் தெரியும்படி தட்டினான்.

முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. முதலில் கோர்க்கோ ஆன்ட்டியின் அண்ணன் லாரியா. ஒரு காலத்தில் துறைமுகப் போலீஸ், இப்போதும் உட்கார்ந்திருக்கும்போதே விறைப்பாக இருப்பார். அடுத்து அத்தைமார்கள், கடைசியில் கோர்க்கோ ஆன்ட்டி. வந்தவர்கள் வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவருக்காகக் கை கொடுத்துக்கொண்டே போக வேண்டும். பிறகுதான் தண்ணீர், பிறகுதான் வந்த காரியம். பெண் வெளியே வரக்கூடாது. அய்லே ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்தாள். திரை மூச்சு விட்டது.

சித்தப்பா முன்னால் போனார், நோர்ட்டே பின்னால் போனான். லாரியா கையை நசுக்கிக் கொடுத்தார். அத்தைமார்கள் தடவிக் கொடுத்தார்கள். சித்தப்பா கோர்க்கோ ஆன்ட்டியிடம் போனபோது அவள் வலது கை எழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தது. சித்தப்பா அதைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். அவள் முகம் சாம்பலாகிப் போனதை நோர்ட்டே பார்த்தான். கை மடியில் விழுந்தது.

இப்போது அவன் முறை. வலது கையை நீட்டினான்.

அவள் கை வரவில்லை.

"பாத்தியா, கை குடுக்க மாட்டேங்குறா" என்று ஓர் அத்தை இன்னோர் அத்தையின் காதில் சொன்னாள். எல்லாருக்கும் கேட்டது. அம்மா கை கொடுக்காவிட்டால் கதவு சாத்தியாயிற்று என்று அர்த்தம். பாட்டிலைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். ஜன்னல் திரை அப்படியே நின்றுவிட்டது.

ஆனால் நோர்ட்டே அவள் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது எழப் பார்த்தது. துடித்தது. கீழே மடியில் விரல்கள் ஆடின, கை மட்டும் அசையவில்லை. அவள் கண் அவனைப் பார்த்தது. அந்த வாரம் முழுக்கப் பார்த்த பார்வை இல்லை அது. பயம். இத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் தன் கை செத்துப்போனது தெரிந்துவிடுமே என்ற பயம். பிறகு அவளுடைய இடது கை மடியிலிருந்து கொஞ்சம், ஒரு விரல் அளவு, மேலே வந்தது.

அவள் முதலில் இடது கையை நீட்டினால் கேவலம் அவளுக்கு. அவன் முதலில் நீட்டினால் கேவலம் அவனுக்கு. பெண்ணும் போய்விடும். யோசிக்க நேரமில்லை. யோசித்திருந்தால் ஒருவேளை அவன் செய்திருக்க மாட்டான், அவ்வளவு பெரிய தியாகி இல்லை அவன். துணிக்குள்ளிருந்து இடது கையை உருவி அவள் முன்னால் நீட்டிவிட்டான். உருவிய வேகத்தில் துணி தோளிலிருந்து நழுவி இடுப்புக்கு வந்து நின்றது.

லாரியா எழுந்துவிட்டார். "இடது கையா? என் தங்கச்சிக்கா? என் முற்றத்துலயா?"

சித்தப்பா ஒக்காய்க்குப் பிறந்ததிலிருந்து முதல் முறையாக வாயில் வார்த்தை வரவில்லை.

"துணியத் தோள்ல இருந்து எறக்குறான், அது தலைவருக்குக் காட்டுற மரியாதை. இடது கைய நீட்டுறான், அது நாய்க்குக்கூடக் காட்டாத மரியாதை!" என்று லாரியா கத்தினார். "இவன் பொண்ணு கேக்க வந்தானா, சண்டைக்கு வந்தானா? யாராவது சொல்லுங்களேன்! அந்தப் பாட்டில எடுத்து வெளிய வைங்கடா!"

"உக்காருங்க அண்ணே" என்றாள் கோர்க்கோ ஆன்ட்டி.

"என்னத்த உக்கார்றது? உன்னை..."

"உக்காருங்கன்னேன்." காவலாளிக்குக் கேட்கும் அதே குரல். லாரியா உட்கார்ந்துவிட்டார். "பையன் என்ன தப்புப் பண்ணிட்டான் இப்ப? சாப்பாட்டு நேரம் முடிஞ்சிருச்சா இல்லையா?"

"முடிஞ்சா?"

"முடிஞ்சா இடது கை நேரம். எங்க ஃபாக்டரில அதுதான் அட்டவணை. செவுத்துல ஒட்டியிருக்கு, வேணும்னா வந்து பாத்துக்குங்க."

அவள் தன் இடது கையால் அவன் இடது கையைப் பிடித்தாள். நன்றாக, இறுக்கமாகப் பிடித்தாள். வேண்டியவர்களுக்குக் கை கொடுக்கும் முறைப்படி, விடும்போது விரலோடு விரல் உரசிச் சொடக்குப் போட்டாள். முற்றம் முழுக்கக் கேட்டது அது.

"என் வலது கை போயிடுச்சு அண்ணே" என்றாள் பிறகு, குரலை இறக்கி. "தலைக்குட்டையக்கூட அய்லேதான் கட்டி விடுது. இந்தப் பயலுக்கு அது தெரியும். வாரம் முழுக்க என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டான், வாயைத் தொறக்கல. இன்னிக்கும் தொறக்கல, கையத்தான் நீட்டினான்." ஜன்னல் பக்கம் திரும்பினாள். "யாரு சொன்னாங்கன்னு நான் கேக்க மாட்டேன். ஜன்னலுக்குப் பின்னாடி நிக்கிறவளுக்கு அது தெரியும்."

திரை சட்டென்று இரண்டடி பின்வாங்கியது.

லாரியா மூக்கைச் சிந்திக்கொண்டார். போலீஸ்காரர் அழமாட்டார், தூசி விழும். "இருந்தாலும் மன்னிப்புன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார் விடாமல். "முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"இருக்கு. நான் கேக்குறேன்." கோர்க்கோ ஆன்ட்டி எழுந்து நின்று, முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்து, முழங்காலை மடக்கினாள். "இப்ப இருந்து பொழுது சாயுற வரைக்கும் இந்த முற்றத்துல யாரு கையில எந்த இடது கை பட்டாலும், எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே மன்னிப்பு. ஆச்சா? இனிமே ஒவ்வொண்ணுக்கும் கேட்டுக்கிட்டு நிக்க வேண்டாம். பாட்டில உள்ள எடுத்துட்டு வாங்க."

நோர்ட்டே துணியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். சந்தோஷத்தில் தப்பான தோளில் போட்டுக்கொண்டான். யாரும் திருத்தவில்லை.

திங்கட்கிழமை சாப்பாட்டு மணி அடித்ததும் கோர்க்கோ ஆன்ட்டி கவிழ்த்த பெட்டி ஒன்றின் மேல் ஏறினாள். "இப்ப இருந்து சாயங்கால மணி வரைக்கும், இந்த மேசையில குடுக்குற எல்லா இடது கைக்கும், வாங்குற எல்லா இடது கைக்கும், ஒரே மன்னிப்பு!" என்றாள். "பரவாயில்ல!" என்று மொத்தப் பேரும் கோயில் பாட்டு மாதிரிச் சேர்ந்து சொன்னார்கள். பட்டை ஓடியது. சோப்பு கைக்குக் கை போனது. குவிஸ்ட் வந்து பட்டை முனையில் குனிந்து தேடினார். கீழே ஒன்றுகூட இல்லை. ஏமாந்தவர் மாதிரி நின்றார்.

"நாளைக்கு வர்ற நர்ஸ்கிட்ட நானே என் தோளக் காட்டுறேன் சார்" என்றாள் கோர்க்கோ ஆன்ட்டி. "இடது கை ஒண்ணுலயே மேசை ஓடுறதையும் காட்டுறேன். அப்புறம் யாரை வீட்டுக்கு அனுப்புறீங்கன்னு பாக்கலாம்."

குவிஸ்ட் பட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மேல நான் பேசிக்கிறேன்" என்று முனகிவிட்டுப் போனார். அவருக்கு மேலிடத்தைவிட அவளிடம் பயம் அதிகம்.

நோர்ட்டேக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூச்சு வந்த நேரத்தில் கோர்க்கோ ஆன்ட்டி சுவரிலிருந்த அட்டவணையைக் காட்டினாள். "இதுல உன் பேரு எங்க?"

"நான் சூப்பர்வைசர், ஆன்ட்டி."

"எல்லாருக்கும் முறை உண்டுன்னு எழுதினது யாரு? வா, வந்து நில்லு. பெட்டி தூக்குற முறை உனக்கு."

மான்சா விழுந்து விழுந்து சிரித்தாள். நோர்ட்டே வந்து நின்றான். கோர்க்கோ ஆன்ட்டி நிரம்பிய பெட்டியை இடது கையால் அவன் பக்கம் தள்ளினாள். பழக்கதோஷம், மன்னிப்பு வரும் என்று அவன் ஒரு கணம் காத்து நின்றான்.

"என்னடா முழிக்கிற?" என்றாள் அவள். "வெளி ஆளுங்களுக்குத்தான்டா மன்னிப்பு. தூக்கு."